வலது இருக்கையிலிருந்து இரண்டு முறை

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த விமானிப் பயிற்சிப் பள்ளியில் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. கேண்டீனில் இட்லி வைத்துத் தருகிற சாதாரணத் தட்டுதான், விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். சிமுலேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில், மேசையின் நடுவே அது எப்போதும் கிடக்கும். பயிற்சி முடிந்து வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன் தோள்பட்டையில் இருக்கும் பட்டிகளைக் கழற்றி அதில் போட வேண்டும். மாணவர்களுக்கு ஒற்றைக் கோடு. பள்ளியின் தலைவரான கேப்டன் சாருக்கு நான்கு தங்கக் கோடுகள். அவர் பட்டியைப் போடும்போது அதன் பித்தளைப் பொத்தான் தட்டில் பட்டு ஒரு சின்னச் சத்தம் கேட்கும். பிறகு இரண்டு கைகளையும் விரித்துச் சொல்வார்: "இப்ப இங்க கேப்டன் யாரும் கிடையாது. சின்னவங்க மொதல்ல பேசணும். பெரியவன் கடைசியா பேசுவான்." அந்த வாக்கியத்தை முதல்முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் சிலிர்க்கிறது, ஆனால் கோபத்தில்.

கேப்டன் சார் விமானப்படையில் சரக்கு விமானங்கள் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாட்டில் புதுப்புது விமான கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. விமானி கிடைக்காமல் அலைந்தார்கள். எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் தாளாளர் அதை மோப்பம் பிடித்து, கேப்டன் சாரை அழைத்து வந்து, கல்லூரி வளாகத்திலேயே பள்ளியைத் தொடங்கினார். வெளிமாநிலங்களில் சின்ன விமானம் ஓட்டி உரிமம் எடுத்துவிட்டு வருகிற பையன்களைப் பெரிய விமானத்துக்குத் தயார் செய்வது இங்கே வேலை. 'ராணுவப் பயிற்சி! விண்வெளி வீரர் பயிற்சி! இனி உங்கள் பிள்ளைக்கும்!' என்று திருச்சி சாலை நெடுகிலும் பேனர் வைத்தார்கள். விண்வெளிக் கவசம் மாட்டிய ஒரு வெள்ளைக்காரனுக்குப் பக்கத்தில் கேப்டன் சார் கைகட்டி நிற்பார்.

பேனரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம். ஆனால் உள்ளே நடந்தது சிரிப்பான விஷயம் அல்ல. அவர் கொண்டுவந்த முறைகள் நல்ல முறைகள். அதைச் சொல்லாமல் போனால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். ஒரு சுழல் நாற்காலியில் கண்ணைக் கட்டி உட்காரவைத்துச் சுற்றிவிடுவார். நாற்காலி நின்ற பிறகும் பையன் "எதிர்ப்பக்கம் சுத்துது சார், எதிர்ப்பக்கம்" என்று கத்துவான். கட்டை அவிழ்த்ததும் தானே வெட்கப்படுவான். மேகத்துக்குள் உன் உடம்பு சொல்வதை நம்பாதே, கருவியின் முள் காட்டுவதை நம்பு என்பதை எந்தப் புத்தகமும் அப்படிச் சொல்லித் தராது. மூன்று பேரை ஒரு சாமான் அறையில் பகல் முழுக்க அடைத்துவைத்து, கணக்கு மேல் கணக்காகக் கொடுத்து, யார் யார்மேல் எரிந்து விழுகிறான் என்று பார்ப்பார். காலை வெயில் ஏறும் முன் மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத விசைகளை இழுத்து, இல்லாத சக்கரத்தை இறக்கி, வெறுங்கையால் விமானம் ஓட்டச் சொல்வார். வேலிக்கு அப்பால் நிற்கும் டவுன் பஸ்ஸில் ஒரே கும்மாளமாக இருக்கும். "ஏய், அந்தக் கடைசிப் பயலுக்கு சாமி வந்துருச்சு பாருடி!" என்று பூக்கூடைக்கார அம்மா ஒருத்தி கத்துவாள். "சாமி இல்லக்கா, அது கேப்டன் சாரு கொடுத்த மந்திரம். வேப்பிலை அடிச்சாலும் எறங்காது" என்பார் கண்டக்டர்.

என் வேலை இவை எல்லாவற்றையும்விட விசேஷமானது. நான் விமானத்தைக் கெடுக்கிறவள். விண்வெளிக்கு ஆள் அனுப்புகிற இடங்களில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். பயிற்சி எடுப்பவர்கள் எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராத பழுதை உள்ளே போடுவதுதான் அவர்கள் வேலை. அந்த வேலையைத்தான் கேப்டன் சார் எனக்குக் கொடுத்தார். சிமுலேட்டர் என்கிற, ஒட்டுப்பலகையில் செய்த பொய் விமானி அறைக்குப் பின்னால், திரைக்கு மறுபுறம், கணினி முன்னால் நான் காதில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருப்பேன். ஒரு பொத்தானைத் தட்டினால் எஞ்சின் அணையும். இன்னொன்றைத் தட்டினால் புகை எச்சரிக்கை அலறும். எனக்குப் பிடித்த பழுது சத்தமில்லாதது. விமானத்தின் மூக்கருகே காற்று நுழைகிற ஒரு சின்னக் குழல் இருக்கிறது. அதை வைத்துத்தான் வேகம் காட்டும் முள் நகரும். அந்தக் குழலில் ஒரு குளவி கூடு கட்டிவிட்டால் போதும், முள் பொய் சொல்லத் தொடங்கும். விமானம் ஏற ஏற வேகம் கூடுவதாகக் காட்டும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் உண்மையான வேகம் குறைந்து, கடைசியில் விமானம் கல்லாக விழும். கேப்டன் உட்காரும் இடது இருக்கைக்கு ஒரு குழல், ஒரு முள்; துணை விமானியின் வலது இருக்கைக்குத் தனியாக ஒரு குழல், ஒரு முள். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும், அதைப் பார்க்கிறவன் வாயைத் திறந்தால்.

நான் விக்கிரமங்கலத்துக்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். விமானப் பொறியியல் படித்து, வகுப்பில் முதலாவதாக வந்து, நேர்முகத்தில் மற்ற எல்லாரையும் தாண்டி அந்த வேலைக்கு வந்தேன். கெட்டிக்காரி என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. எந்தப் பழுதை எந்த நொடியில் போட்டால் எவன் தடுமாறுவான் என்று எனக்குத் தெரியும். ஆனால் விருந்தாளிகள் வந்தால் கேப்டன் சார் என்னை அறிமுகப்படுத்துகிற விதம் வேறு: "இவங்க அப்பா அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில வெடி வைக்கறப்ப கொடி பிடிக்கிறவர். பொண்ணு இங்க பிளேனையே விழ வைக்குது!" எல்லாரும் சிரிப்பார்கள். அவர் பாராட்டுவதாகத்தான் நினைத்திருப்பார். என் மதிப்பெண்ணையோ வேலையையோ ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாவின் கொடியைத்தான் சொல்வார். நானும் பேனரில் ஒரு படம், அவ்வளவுதான்.

மாணவர்களில் ஒருவன் உடையார்பாளையத்துப் பையன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். அவன் படிப்புக்காக அவன் அப்பா முந்திரிக் கொல்லையை விற்றுவிட்டார். அது போனபிறகு வீட்டுக்குச் சொத்து என்று மிச்சம் இருந்தது அவன் மட்டும்தான். ஊரில் என்றால் என் அம்மா அந்த மாதிரிக் கொல்லைகளில் கொட்டை பொறுக்கப் போகிறவள். இங்கே அவன் என்னை வகுப்பில் "மேடம்" என்றும், கேண்டீனில் "அக்கா" என்றும் கூப்பிட்டான். நல்ல பையன். கை சுத்தம், கணக்கு சுத்தம். ஒரே ஒரு குறை. பெரியவர்களிடம் பேசும்போது அவன் குரல் வயிற்றுக்குள் போய்விடும். பக்கத்தில் இருப்பவர் தப்புச் செய்தால் "சார், கொஞ்சம் பாத்துக்கலாங்களா சார்" என்பான். எதைப் பார்ப்பது என்று சொல்லமாட்டான்.

அவன் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். சோறு போடுகிற அத்தையிடம் உப்பு இல்லை என்று சொல்லாத பிள்ளைகள். பெரியவர் தடுக்கி விழப்போனால்கூட, "பாத்து வாங்க" என்று மூன்றாம் மனிதரிடம் சொல்வதுபோலச் சொல்கிற ஊர். கேப்டன் சார் இதைத்தான் உடைக்க வந்தேன் என்று சொல்லுவார். அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். இடது இருக்கைக்காரர் தப்புச் செய்தால், வலது இருக்கையில் இருப்பவன் ஒருமுறை சொல்ல வேண்டும். கேட்கவில்லையா, இரண்டாவது முறை சொல்ல வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது முறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. "என் கையில் எடுக்கிறேன்" என்று விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். "நானே இடது பக்கம் உக்காந்திருந்தாலும் எடுக்கணும். எடுக்காதவன் விமானி இல்ல, பயணி" என்பார். தம்பி நோட்டில் எழுதிக்கொள்வான்.

ஒருநாள் விமான கம்பெனி ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வகுப்பிலிருந்து ஒருவனை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், கேப்டன் சார் யாரைக் கைகாட்டுகிறாரோ அவன் நேராக ஜெட் விமானப் பயிற்சிக்குப் போவான் என்று பேச்சு. தம்பிக்குத்தான் வாய்ப்பு என்று எல்லாருக்கும் தெரியும். தாளாளர் வேட்டியும் சந்தனமுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கேப்டன் சாரே இடது இருக்கையில் ஏறினார், வலதில் தம்பி. அந்த வாரம் முழுக்க இருவரும் ஒத்திகை பார்த்த பழுது ஒன்று உண்டு. ஓடுபாதையை விட்டதும் ஒரு எஞ்சின் அணைவது. அதைப் போட்டேன். அழகாகச் சமாளித்தார்கள். கைதட்டல். அப்போது அந்த அதிகாரி திரைக்குப் பின்னால் என்னிடம் வந்து, "இது ரிகர்சல் மாதிரி இருக்கு. உங்க இஷ்டத்துக்கு ஒண்ணு போடுங்களேன்" என்றார். உள்ளேயிருந்து கேப்டன் சார் கேட்டுவிட்டுச் சிரித்தார். "போடு, போடு. பாத்துடலாம்."

நான் குளவியைப் போட்டேன், அவர் பக்கத்துக் குழலில்.

விமானம் மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்து முள் மெல்ல மெல்ல வேகம் கூடுவதாகக் காட்டியது. அவர் மூக்கைத் தூக்கினார். தம்பியின் முள் இறங்கத் தொடங்கியது. ஸ்பீக்கர் போட்டிருந்ததால் அறையில் இருந்த எல்லாருக்கும் உள்ளே பேசுவது கேட்கும்.

"சார், என் பக்கம் வேகம் குறையுதுங்க சார்."

கேப்டன் சார் மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கினார்.

"சார்... வேகம் குறையுதுங்க."

"நீ ரேடியோவப் பாருப்பா. நான் ஓட்டிட்டிருக்கேன்ல?"

அதற்குப் பிறகு தம்பி பேசவில்லை. திரையின் இடுக்கு வழியாக அவன் வலது கையை என்னால் பார்க்க முடிந்தது. அது விசைக்குப் பக்கத்தில் போனது, தொடாமல் நின்றது, மடிக்குத் திரும்பியது. எச்சரிக்கை மணி அடித்தது. படத்திரையில் வானம் சாய்ந்து, தரை எழும்பி வந்து, எல்லாம் செம்மண் நிறமாகி நின்றது. தாளாளர், "என்ன ஆச்சு, கரண்டு போச்சா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

சின்ன அறைக்குப் போனோம். தட்டு மேசை நடுவே இருந்தது. தம்பி பழக்கத்தில் தன் பட்டியைக் கழற்றிப் போட்டான். கேப்டன் சார் கழற்றவில்லை. நான்கு தங்கக் கோடும் தோளிலேயே இருந்தன. சின்னவன் பேசும்வரை அவர் காத்திருக்கவும் இல்லை. அதிகாரியைப் பார்த்து அவரே ஆரம்பித்தார். கருவி பழுதானால் இடது பக்கம் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை, அதற்காகத்தான் துணை விமானி என்று ஒருவன் இருக்கிறான், அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்றார். நிதானமான, பாடம் நடத்துகிற குரல்.

"சொன்னான் சார்" என்றேன். "ரெண்டு தடவ சொன்னான். நீங்கதான் ரேடியோவப் பாக்கச் சொன்னீங்க."

அதிகாரி பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கேப்டன் சார் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பி பக்கம் திரும்பி, மிக அன்பாக, ஒரு தகப்பனைப் போலக் கேட்டார்.

"நீ சொன்னியாப்பா?"

தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க சார். நான் கவனிக்கல. என் தப்புதாங்க."

கேப்டன் சார் அவன் தோளில் கைவைத்தார். "பாத்தீங்களா? தப்பு பண்ணுனா ஒத்துக்குறான். இதுதான் சார் நாங்க சொல்லித் தர்ற பயிற்சி" என்றார். அதிகாரி தலையை ஆட்டினார். அவரும் கேட்டவர்தான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவர்.

"இந்த ரூம்ல இருக்குற எல்லாரும் கேட்டோம் சார்" என்றேன்.

தாளாளர் கையை உயர்த்தினார். "போதும்மா, போதும். போயி எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வா."

நான் டீ சொல்லப் போகவில்லை. ஹெட்ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். சிமுலேட்டருக்கு வேறு ஆள் பார்க்கிறோம், நீ கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிரு என்று மறுநாள் சொன்னார்கள். வேலையை விட்டேன். வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பிளேனு நெசமாவா விழுந்துச்சு? பெட்டிக்குள்ளாற தானடி விழுந்துச்சு! அதுக்கா இந்தக் கூத்து? கொல்லக்காரன் வூட்டுப் புள்ளயே வாய மூடிக்கிட்டு காரியத்த சாதிக்கிறான். ஒனக்கு என்னடி வந்துச்சு?" பெட்டிக்குள்ளே விழுவது எதற்காக என்றால், வெளியே விழாமல் இருப்பதற்காக. இதைப் பேனர் அடித்தவர்களுக்கே விளங்கவைக்க முடியவில்லை, அம்மாவுக்கு எப்படி விளங்கவைப்பது?

சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு திரும்பிய அன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தம்பி என்னைத் தேடி வந்தான். அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அதற்குச் சந்தோஷப்படத் தெரியாமல் நின்றான்.

"நான் உங்களப் பேசச் சொன்னனாக்கா? எதுக்குப் பேசுனீங்க?"

"உனக்காகப் பேசல. நடந்ததச் சொன்னேன். நீ எதுக்குப் பொய் சொன்ன?"

"கொல்லையே போச்சுக்கா. அவரு வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் எங்க போவேன்? எங்கப்பா மூஞ்சில எப்புடி முழிப்பேன்?"

"தம்பி, நெசமான பிளேன்ல, பின்னாடி அத்தனை பேரு உக்காந்திருக்கறப்போ, உன் கேப்டன் இதே மாதிரி பண்ணுனா?"

"அப்ப சொல்லுவேன்க்கா" என்றான். உடனே சொன்னான், யோசிக்காமல். பஸ் கிளம்பிவிட்டது. அவன் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தான். "சத்தியமா அப்ப சொல்லுவேன்க்கா."

அப்போது சொல்வதற்குத்தான் இப்போது பழக்குகிறார்கள். இப்போது வராதது அப்போது வராது. இதற்காகத்தான் படையில் பட்டியைக் கழற்றவைக்கிறார்கள். விண்வெளிக்குப் போகிறவர்களைத் தரையிலேயே ஆயிரம் முறை தோற்கவைப்பதும் இதற்காகத்தான். படையிலிருந்து கேப்டன் சார் பூட்ஸைக் கொண்டுவந்தார், அதட்டலைக் கொண்டுவந்தார், சுழல் நாற்காலியைக் கொண்டுவந்தார். செலவே இல்லாத ஒன்றே ஒன்றை, தன் தோளில் இருந்த ஒரு பொத்தானை அவிழ்ப்பதை, ஆள் பார்க்கிற நேரத்தில் அவரால் செய்ய முடியவில்லை. தெரியாதவர் என்றால் மன்னித்திருப்பேன். தெரிந்தவர். எங்களுக்கே சொல்லிக் கொடுத்தவர். ஒரு பையன் இரண்டு முறை வாய் திறந்ததே அவர் கொடுத்த பயிற்சியால்தான். அந்த வாயை அவரே அடைத்தார். அடைத்ததற்குப் பரிசும் வாங்கிக் கொடுத்தார். அந்த ஒருநாள் பாடத்தைத் தம்பி எந்த நோட்டிலும் எழுதிக்கொள்ள வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

நான் இப்போது பெங்களூரில் ஒரு பயிற்சி மையத்தில் இருக்கிறேன். இங்கேயும் இதே வேலைதான். ஹைட்ராலிக் கால்களில் நிஜமாகவே ஆடி அசைகிற பெரிய சிமுலேட்டர்கள். வெள்ளை முடி வைத்த கேப்டன்களுக்கு நான் பழுது போடுகிறேன். முடிந்து வந்ததும், வலது இருக்கைக்காரர் பேசி முடிக்கிறவரை அவர்களை வாய் திறக்க விடுவதில்லை. சிலருக்கு என்னைப் பிடிக்காது. பரவாயில்லை.

போன மாதம் தம்பியிடமிருந்து போன் வந்தது. என் நம்பரை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறான். கேப்டன் சார் இறந்துவிட்டார், மாரடைப்பு என்றான். பழைய மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள், "நீங்களும் நாலு வரி நல்லதா எழுதிக் குடுங்கக்கா" என்றான். அவர் இறந்ததில் எனக்கு வருத்தம் இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் நல்லதாக நான்கு வரி எழுத எனக்கு வரவில்லை. எழுத உட்கார்ந்தபோது இதுதான் வந்தது. அன்று போனை வைக்கும் முன் அவனிடம் கேட்டேன்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். இத்தனை வருசத்துல எந்தக் கேப்டன்கிட்டயாவது 'இல்ல சார், தப்பு'ன்னு சொல்லியிருக்கியா?"

சிரித்தான்.

"எனக்கு வாச்ச கேப்டனுங்க எல்லாம் நல்லவங்கக்கா. அப்புடிச் சொல்ற மாதிரி வரவே இல்ல." அதே மூச்சில், "அடுத்த மாசத்துலேர்ந்து எனக்கே இடது சீட்டுக்கா. நானும் கேப்டன்" என்றான். "எங்கம்மா உங்ககிட்ட மறக்காம சொல்லச் சொன்னாங்க."

"சந்தோசம்" என்றேன். "உன் பக்கத்துல உக்கார்ற பிள்ளைங்க ஏதாவது சொன்னா கேட்டுக்குவியா?"

"கேக்காம? சொன்னா கேட்டுக்குவேன்க்கா" என்றான். "ஆனா இப்ப வர்ற பசங்க ரொம்பத் தங்கமான பசங்கக்கா. அவ்ளோ மரியாதை. பெரியவங்க முன்னாடி வாயத் தொறக்கறதே இல்ல."

பெருமையாகத்தான் சொன்னான்.